மதிப்பிற்குரிய தலைவருக்கு

அவர் கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை. ஏழெட்டு வருஷம் பக்கத்துக் கடைக்காரனாக இருந்தவன் சொல்கிறேன். யாராவது அவரைச் சீண்டிவிட்டால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவார். முந்தானையால் இரண்டு பக்கமும் துடைப்பார். மறுபடி மாட்டிக்கொண்டு, "சரிங்க" என்பார். அவ்வளவுதான். சீண்டியவர் விஷயம் முடிந்தது என்று படியிறங்கிப் போய்விடுவார். எனக்குத்தான் தெரியும், அது முடியவில்லை என்று.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் எங்கள் கடைகள் இருந்தன. அவர் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தட்டச்சுப் பயிற்சி நிலையம் ஒன்றில் சொல்லிக்கொடுத்தவர். பிறகு சொந்தமாக ஒரு கம்ப்யூட்டர் வாங்கி ஜாப் டைப்பிங் போட்டார். அதனால் தெருவுக்கே அவர் 'டீச்சர்'. கோர்ட் மனு, கலெக்டர் ஆபீஸ் மனு, கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அவர் விரல் வழியாகத்தான் வெளியே போகும். அடுத்த அறையில் நான் ஆறு கம்ப்யூட்டர்களை வைத்துக்கொண்டு பிரவுசிங் சென்டர் நடத்தினேன். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று அவரிடம் கேட்டவர் ஒருவர் உண்டு. அவர் கதையும் வருகிறது.

முதலில் காண்ட்ராக்டர் கதை. ரோடு போடுகிறவர். மகள் கல்யாணப் பத்திரிகைக்குக் கைப்பட எழுதிய தாளைக் கொண்டுவந்தார். கூட நாலு பேர். டீச்சர் படித்துப் பார்த்துவிட்டுச் சிவப்புப் பேனாவை எடுத்தார்.

"ஏம்மா, தட்டுறதுதான ஒன் வேலை? திருத்தச் சொல்லி யாரு கேட்டா? குடுத்ததக் குடுத்தபடி அடி."

நாலு பேரும் சிரித்தார்கள். கண்ணாடி கழன்றது. துடைக்கப்பட்டது.

"சரிங்க. குடுத்தபடி அடிக்கணும்னு இந்த ஓரத்துல ஒரு கையெழுத்து மட்டும் போட்டுக் குடுத்துருங்க."

போட்டுக் கொடுத்தார். பத்திரிகை ஊரெல்லாம் போன பிறகுதான் சம்பந்தி வீட்டில் யாரோ நிதானமாகப் படித்திருக்கிறார்கள். மணமக்களை வாழ்த்துமாறு அன்புடன் 'கேட்டுக்கொல்கிறோம்' என்று இருந்தது. காண்ட்ராக்டர் படியேறி வந்து கத்தியபோது டீச்சர் அந்தத் தாளை எடுத்து மேஜையில் வைத்தார். கையெழுத்து இருந்த ஓரத்தை விரலால் நீவிவிட்டார்.

அடுத்தது கீழே இருந்த டீக்கடைக்காரர். கடைக்கு முன்னால் சாக்கடை மேல் பலகை போட்டு, அதன் மேல் நீளமான பெஞ்சு. காலையில் ஏழெட்டுப் பெருசுகள் அதில் உட்கார்ந்து பேப்பர் படிக்கும். ஒரு நாள் டீச்சர் டீ வாங்கும்போது அவர் கேட்டார்: "டீச்சருக்கு மாப்ள அமையலையா, இல்ல அமஞ்சவனெல்லாம் ஓடிப் போயிட்டானா?" பெஞ்சு முழுக்கச் சிரித்தது.

"சரிங்க" என்று டம்ளரை வைத்துவிட்டு மேலே வந்தார். மூன்று மாதம் ஒன்றுமில்லை. தினமும் அங்கேயே டீ குடித்தார். நாலாவது மாதம் முனிசிபாலிட்டி ஆட்கள் வந்து பெஞ்சையும் பலகையையும் முன்னால் இழுத்திருந்த கூரையையும் எடுத்துக்கொண்டு போனார்கள். மனு கொடுத்தது யார் என்று யாருக்கும் தெரியவில்லை. நான் அந்த மனுவின் நகலை டீச்சர் மேஜையில் பார்த்தேன். சாக்கடையின் அகலம், பெஞ்சின் நீளம், எந்த விதியில் எந்தப் பிரிவு, எல்லாம் இருந்தன. ஓர் எழுத்துப் பிழை இல்லை.

"பெருசுகளெல்லாம் நின்னுக்கிட்டே டீ குடிக்குது. அதுக என்ன பாவம் பண்ணுச்சு டீச்சர்?" என்றேன்.

"நிக்கட்டும். அன்னைக்கு உக்காந்துதான சிரிச்சாங்க?"

"ஞாயித்துக்கிழமை தவறாம சர்ச்சுக்குப் போயி பூசை பாக்குறீங்க. மன்னிக்கச் சொல்லித்தான சாமியார் பிரசங்கம் வைக்கிறாரு?"

"மன்னிக்கிறது ஆண்டவர் வேலை தம்பி. நான் டைப் அடிக்கிறவ."

அன்றும் கீழே போய் அதே கடையில் நின்றுகொண்டு டீ குடித்தார். எனக்கு இதெல்லாம் வேடிக்கையாக இருந்தது. என்மேல் அவருக்குப் பிரியம் உண்டு. மத்தியானம் இரண்டு பேரும் சேர்ந்துதான் சாப்பிடுவோம். என் சாப்பாட்டில் தொட்டுக்கொள்ளும் வெஞ்சனம் சுமாராக இருக்கும். அவருடைய சின்ன டப்பாவிலிருந்து பாதியைக் கேட்காமலே என் தட்டில் தள்ளிவிடுவார். கருணைக்கிழங்கு வறுவல் என்றால் முக்கால் பங்கு எனக்கு.

இரண்டாயிரத்தை ஒட்டி நான் ஒரு குழுவில் சேர்ந்தேன். கம்ப்யூட்டரில் தமிழ் எழுதும்போது பிழையைச் சுட்டிக்காட்டும் மென்பொருள் ஒன்றைச் சிலர் இலவசமாகச் செய்துகொண்டிருந்தார்கள். யாருக்கும் சம்பளம் கிடையாது. உள்ளே எழுதியிருப்பதை யாரும் பார்க்கலாம், மாற்றலாம், எடுத்துப் போகலாம். வெளிநாட்டில் வேலை பார்த்த ஒருவர் தொடங்கியது. உள்ளூரிலும் வெளியூரிலுமாக முப்பது பேருக்கு மேல் இருந்தோம், எல்லாம் ஈமெயில் வழியாகத்தான். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தது கிடையாது.

அந்த மென்பொருளுக்கு உயிர் அதன் சொற்பட்டியல். எது சரியான சொல் என்று அதற்குத் தெரிந்தால்தானே எது பிழை என்று சொல்லும்? எனக்கு ஓரளவு புரோகிராம் எழுத வரும். தமிழ் வராது. டீச்சரிடம் சொன்னேன்.

"சும்மாவா குடுப்பாங்க? யாரு வேணாலும் எடுத்துக்கலாமா?"

"யாரு வேணாலும்."

"அப்படின்னா அந்தக் காண்ட்ராக்டரு வீட்டுக்கும் போகும். போகட்டும். நான் அடிச்சுத் தாரேன்."

அடித்தார். வேலை இல்லாத நேரமெல்லாம் அடித்தார். ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு ஃபிளாப்பி. 'க முதல் கா வரை' என்று மேலே ஒட்டி எழுதியிருக்கும். அவருக்கு இணைய இணைப்பு இல்லை, ஈமெயிலும் இல்லை. நான் வாங்கி என் முகவரியிலிருந்து அனுப்புவேன். ஊர்ச் சொற்களையும் சேர்த்தார். 'வெஞ்சனம்' அதில் இருந்தது. "புத்தகத்துல இல்லாட்டி என்ன, வாயில இருக்குல்ல?" என்பார். இரண்டு வருஷத்துக்கும் மேல் இது நடந்தது. பங்களித்தவர்கள் பெயர்கள் எல்லாம் ஒரு கோப்பில் இருக்கும். அதில் சொற்பட்டியல் என்பதற்கு நேரே என் பெயர் இருந்தது. முதல் தடவை அதைப் பார்த்தபோதே மாற்றச் சொல்லி எழுத நினைத்தேன். அடுத்த வாரம் எழுதலாம் என்று இருந்துவிட்டேன்.

அப்புறம் தொடங்கியவருக்கு நேரமில்லாமல் போனது. தனக்குப் பதிலாக ஒரு தலைவரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார். கோப்பில் பெயர் உள்ள ஒவ்வொருவருக்கும் ஓர் ஓட்டு. கோயம்புத்தூரில் படித்துக்கொண்டிருந்த ஒருவர் நிற்க முன்வந்தார். தொடங்கியவரே இன்னொரு பெயரையும் சொன்னார். 'சொற்பட்டியலை ஒற்றை ஆளாகக் கட்டியெழுப்பிய திண்டுக்கல் நண்பர்.'

'அது நான் இல்லை, பக்கத்துக் கடை டீச்சர்' என்று பதில் அடித்தேன். அடித்து முடித்து, அனுப்பாமல், செத்த நேரம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதுவரை யாரும் என்னை எதற்கும் பாராட்டியது கிடையாது. டிகிரியை முடிக்காதவன். வீட்டில் என் கடையைப் 'பொட்டிக்கடை' என்பார்கள். அடித்ததை அழித்தேன். 'நன்றி. என்னால் ஆனதைச் செய்கிறேன்' என்று அனுப்பினேன். ஜெயித்தேன். டீச்சருக்கு ஓட்டே கிடையாது. கோப்பில் பெயர் இல்லையே.

அவரிடம் தேர்தல் என்று ஒன்று நடந்ததையே நான் சொல்லவில்லை. என் கடைக்கு வரும் நிருபர் ஒருவர் மூலம் செய்தி பேப்பரில் வந்துவிட்டது. 'திண்டுக்கல் வாலிபர் சாதனை' என்று என் போட்டோவோடு. அன்று காலை டீச்சர் பேப்பரை எடுத்துக்கொண்டு என் கடைக்கு வந்தார். நான் எழுந்து நின்றேன்.

"ரெண்டாவது பத்தியில 'சொல்பட்டியல்'னு போட்டுருக்கான். 'சொற்பட்டியல்'னுல்ல வரணும்? பாத்துக் குடுத்திருக்கக் கூடாதா?"

"டீச்சர், அது வந்து..."

கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டிக்கொண்டார்.

"சரிங்க தலைவரே" என்றார்.

அதுவரை தம்பியாகவும் நீயாகவும் இருந்தவன் அந்த நிமிஷத்தில் தலைவராகவும் நீங்களாகவும் ஆனேன். அன்று மத்தியானம் அவர் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகச் சாப்பிட்டார்.

திங்கட்கிழமை குழுவுக்குப் புது முகவரியிலிருந்து ஒரு மடல் வந்தது. சாலை ரோடு என்கிற தெருவில் இருந்த வேறொரு பிரவுசிங் சென்டருக்குப் போய் ஈமெயில் தொடங்கியிருக்கிறார். என் கடை வாசலைத் தாண்டித்தான் படியிறங்கிப் போக வேண்டும். தினமும் போனார்.

'மதிப்பிற்குரிய தலைவருக்கு, நமது பிழைதிருத்தி மென்பொருள் முயற்சி, முயற்ச்சி இரண்டையும் சரி என்கிறது. இரண்டும் எப்படிச் சரியாகும் என்று தாங்கள் விளக்க வேண்டும்.' கீழே பெயர், ஊர்.

'கவனத்தில் கொள்கிறேன்' என்று எழுதினேன்.

மறுநாள்: 'மதிப்பிற்குரிய தலைவருக்கு, எதைக் கவனத்தில் கொள்கிறீர்கள் என்று தெரிவிக்கவில்லை. மேலும், சுவரில், சுவற்றில் இவற்றுள் எது சரி?'

எனக்குத் தெரியாது. அதற்கு அடுத்த நாள் நாள்களா, நாட்களா. ஒரு நாளுக்கு ஒரு கேள்வி. ஞாயிறு மட்டும் விடுமுறை. 'பட்டியலைத் தொகுத்தபோது இந்தச் சொல்லை ஏன் இப்படிச் சேர்த்தீர்கள்?' என்று கேட்பார். சேர்த்தது அவர். காரணம் அவருக்குத் தெரியும். எனக்குத் தெரியாது என்பதும் அவருக்குத் தெரியும். அது தன் வேலை என்று ஒரு வரி எழுதியிருந்தால் என் கதை முடிந்திருக்கும். ஒரு நாளும் எழுதவில்லை. கேள்வி மட்டும்தான்.

குழுவில் முணுமுணுப்பு தொடங்கியது. இவ்வளவு பெரிய பட்டியலைத் தொகுத்தவருக்குச் சுவரும் தெரியவில்லை, நாளும் தெரியவில்லை. தாடிக்கொம்பில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருந்தார். ஞாயிறுதோறும் பஸ் ஏறி அவரிடம் போய் அந்த வாரத்துக் கேள்விகளுக்குப் பதில் எழுதி வாங்கி வந்தேன். பதிலைப் போட்டால் பதிலுக்குள்ளிருந்து அடுத்த கேள்வி வரும்.

தெருவிலும் டீச்சர் விடவில்லை. டீக்கடையில் நாலு பேர் முன்னால், "தலைவருக்கு ஒரு டீ" என்பார். அதே டீக்கடைக்காரர், அதே பெருசுகள். ஒரே மாதத்தில் தெருவே என்னைத் 'தலைவர்' என்றது. எதற்குத் தலைவர் என்று யாருக்கும் தெரியாது. சிரிப்பு மட்டும் வரும்.

நானும் சும்மா இருக்கவில்லை. அதைத்தான் எழுதக் கூசுகிறது. ஐந்தாவது மாதம் என்று நினைக்கிறேன், ஒரு நாள் அவர் மடலைப் படித்துவிட்டுப் பட்டியலைத் திறந்தேன். அவர் ஆசையாகச் சேர்த்த ஊர்ச் சொற்களைத் தேடித் தேடி அழித்தேன். தலைவருக்கு அந்த அதிகாரம் உண்டு. 'கொச்சை நீக்கம்' என்று காரணம் எழுதினேன். கடைசியாக 'வெஞ்சனம்' என்ற சொல்லை அழித்தபோது எனக்குக் கிடைத்த சந்தோஷம் இருக்கிறதே, காண்ட்ராக்டர் கத்தியபோது டீச்சருக்கும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று தோன்றியது.

மறுநாள் மடல் வந்தது. 'மதிப்பிற்குரிய தலைவருக்கு, வெஞ்சனம் என்ற சொல்லைக் காணவில்லை. தாங்கள் பல ஆண்டுகள் தினமும் உண்ட பொருள் அது. எப்படிக் கொச்சையானது என்று விளக்க வேண்டும்.'

கோயம்புத்தூர்க்காரர் எழுதினார்: 'இந்த அம்மாவுக்கு இவர் என்ன சாப்பிட்டார் என்று எப்படித் தெரியும்? இவர் சேர்த்த சொல்லை இவரே ஏன் அழிக்கிறார்? இங்கே ஏதோ மறைக்கப்படுகிறது.'

இரண்டு நாள் கடையைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் வந்து, அழித்த சொற்களை எல்லாம் பழையபடி சேர்த்தேன். பிறகு குழுவுக்கு எழுதினேன். பட்டியலைத் தொகுத்தது நான் அல்ல, கேள்வி கேட்கும் இந்த டீச்சர்தான். என் முகவரியிலிருந்து அனுப்பினேன், அவ்வளவே. அதை மறைத்து ஓட்டு வாங்கினேன். பொறுப்பிலிருந்து விலகுகிறேன். அவரிடமும் உங்கள் எல்லோரிடமும் மன்னிப்பு கோருகிறேன். இப்படி எழுதி, படித்துப் பார்க்காமல் அனுப்பிவிட்டேன்.

சாயங்காலம் அவர் என் வாசலைத் தாண்டிப் படியிறங்கிப் போனார். அரை மணி நேரத்தில் பதில் வந்தது.

'மதிப்பிற்குரிய தலைவருக்கு, தங்கள் மடலின் கடைசி வரியில் மன்னிப்பு கோருகிறேன் என்று உள்ளது. மன்னிப்புக் கோருகிறேன் என்று ஒற்று மிக வேண்டும். நமது திருத்தி இதைக் கண்டுபிடிக்கவில்லை என்பதையும் சுட்டிக்காட்டுகிறேன்.'

வேறு ஒன்றும் இல்லை.

குழு கொதித்தது. என்னைத் திட்டாதவர் இல்லை. தொடங்கியவர் வெட்கப்பட்டு ஒரு நீண்ட மடல் எழுதினார். கோப்பில் டீச்சரின் பெயர் முதல் வரிக்குப் போனது. மறுபடி தேர்தல். டீச்சரே தலைவராக வேண்டும் என்று எல்லோரும், கோயம்புத்தூர்க்காரர் உட்பட, ஒரே குரலில் கேட்டார்கள். ஐந்தாம் நாள் டீச்சர் எழுதினார்.

'எனக்குத் தலைமைப் பொறுப்பு வேண்டாம். இப்போது இருப்பவரே தொடர வேண்டும் என்று முன்மொழிகிறேன். திருத்த வேண்டிய பிழைகள் என்னிடம் இன்னும் நிறைய இருக்கின்றன. அவற்றை அவர்தான் திருத்த வேண்டும். இதற்குச் சம்மதம் என்றால் மட்டுமே நான் இந்தக் குழுவில் இருப்பேன்.'

அவ்வளவுதான், குழு உருகிவிட்டது. என்ன பெருந்தன்மை, என்ன மனசு, இப்படி ஒரு அம்மாவை எங்கே பார்க்க முடியும் என்று மடல் மேல் மடல். ஒருவர் கண் கலங்கியதாகவே எழுதியிருந்தார். நான் எனக்கு எதிராக ஓட்டுப் போட்டேன். மற்ற எல்லா ஓட்டுகளும் எனக்கு விழுந்தன. டீச்சரின் முதல் ஓட்டும்.

திங்கட்கிழமை, 'மதிப்பிற்குரிய தலைவருக்கு' வந்தது.

மூன்று வருஷம். காய்ச்சல் வந்த நாளிலும், என் அப்பா இறந்து கருமாதி முடிந்த மறுநாளிலும் கேள்வி இருந்தது. அப்பா சாவுக்கு வந்தார். மாலை போட்டார். கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியை அவரே அடித்துக் கொடுத்தார், ஒரு குறை சொல்ல முடியாதபடி. ஆனால் என்னோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை. இதற்கிடையில் அந்தத் திருத்தி நன்றாக வந்துவிட்டது. பள்ளிக்கூடங்களில், பத்திரிகை ஆபீஸ்களில் வைத்துக்கொண்டார்கள். எனக்கும் சந்தி, ஒற்று எல்லாம் கைவந்துவிட்டன. குழுவில் புதிதாகச் சேர்ந்தவர்கள் எங்கள் இரண்டு பேரையும் நல்ல நண்பர்கள் என்றே நினைத்தார்கள்.

கடைசியில் அவர் கடையைக் காலி செய்தார். ஒட்டன்சத்திரத்தில் காய்கறி மார்க்கெட் பக்கம் தங்கை வீடு. அங்கே போகிறார். கீழே மினி லாரி நின்றது. கம்ப்யூட்டரை நான்தான் தூக்கிக்கொண்டு இறங்கினேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. சாமான் எல்லாம் ஏறிய பிறகு கேட்டேன்.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க தலைவரே."

"என்னைய ஒரு ஆளாக்கணும்னுதான அம்புட்டுக் கேள்வி கேட்டீங்க? குழுவுல எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க."

அவர் சிரித்து நான் வருஷக்கணக்கில் பார்க்கவில்லை. அன்று சிரித்தார்.

"ஆளாக்கவா? விலகுறேன்னு எழுதிட்டுத் தப்பிச்சுப் போகப் பாத்த. அதான் விடல. அந்த நாக்காலியிலயே ஒன்ன உக்கார வச்சு வேக வைக்கணும்னு இருந்துச்சு."

"எல்லாத்துக்கும் பதில் தெரிஞ்சுக்கிட்டேதான கேட்டீங்க?"

"எங்க? மொத அஞ்சு மாசத்துலயே எனக்குத் தெரிஞ்சதெல்லாம் தீந்து போச்சு தம்பி. அதுக்கப்புறம் ஒன்ன மடக்கணும்னே இலக்கணப் புத்தகம் வாங்கிப் படிச்சேன். விடிஞ்சும் விடியாம எந்திரிச்சு உக்காந்து படிப்பேன். அம்புட்டுச் சந்தோசமா நான் எப்பவுமே இருந்ததில்ல."

டிரைவர் ஹாரன் அடித்தார்.

"இப்பவாச்சும் மன்னிச்சுட்டீங்களா டீச்சர்?"

கொஞ்சம் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார்.

"இல்ல" என்றார்.

டிரைவருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். கதவைச் சாத்தினார். சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று ஒரு தடவை இழுத்துப் பார்த்துக்கொண்டார்.